எதிர்பாராமல் கொழும்புக்கு வந்து இறங்கும் குடும்பத்துக்கு: முதல் மூன்று மாதம்

கட்டாரில் வேலை போய் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறவர்கள், ஐரோப்பாவில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்புகிறவர்கள், தமிழ்நாட்டு முகாம் வாழ்க்கையை முடித்துக்கொண்டு வருகிறவர்கள், கனடா அலுவல் சரிவரும்வரை யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து தங்குகிறவர்கள் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படியான குடும்பங்கள் எப்போதும் இருக்கின்றன. வந்த காரணம் ஆளுக்கு ஆள் வேறு. முதல் மூன்று மாதத்தில் ஓட வேண்டிய ஓட்டம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது தற்காலிகம்தானே" என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் என்று வந்து நாலு வருடம் இருந்த குடும்பங்கள் இங்கே நிறைய. பெரியவர்கள் விசாவுக்கோ வேலைக்கோ காத்திருக்கலாம். பிள்ளை மூன்றாம் ஆண்டிலிருந்து நாலாம் ஆண்டுக்குப் போயே ஆக வேண்டும். கீழே உள்ள வரிசை பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டது.

1. விமானம் ஏறும் முன்: கடதாசிகள்

இரண்டே நாள் அவகாசம் இருந்தாலும் அந்த இரண்டு நாளையும் சாமான் கட்டுவதில் செலவழிக்க வேண்டாம். சட்டி பானை இங்கே புறக்கோட்டையில் வாங்கலாம். பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தின் கடிதத்தை இங்கிருந்து எடுப்பது பெரும் பாடு.

எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய காலாவதியான பாஸ்போர்ட் உட்பட எல்லா பாஸ்போர்ட்டுகள், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகள், பள்ளியை விட்டு விலகியதற்கான கடிதம், தடுப்பூசி அட்டை, வைத்தியர் எழுதிய குறிப்புகள். இவை கைப்பையில் வர வேண்டும், பெட்டியில் அல்ல. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் ஒரு கேள்வி முக்கியம்: அந்தப் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிந்தீர்களா? தாயோ தகப்பனோ இலங்கைக் குடியுரிமை உள்ளவராக இருந்தாலும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தானாக வந்துவிடாது, பதிய வேண்டும். சட்டப்படி ஒரு வருடத்துக்குள். பிந்தினால் காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் இதை முடித்துவிட்டு வந்தால் பெரிய அலைச்சல் மிச்சம். முடியாமல் வந்துவிட்டால், பத்தரமுல்லையில் உள்ள சுஹுருபாய கட்டடத்துக்குப் போங்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, அடையாள அட்டை கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களம் மூன்றும் அந்த ஒரே கட்டடத்தில்தான். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் பத்தரமுல்லை வழியாகப் போகும்.

நீங்களோ துணையோ வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தால், இரட்டைக் குடியுரிமை பெறாதவரை இங்கே வெளிநாட்டவர்தான். விசா முடியும் திகதியை வீட்டுக் கலண்டரில் பெரிதாக எழுதிவையுங்கள். இந்த அலைச்சலுக்குள் முதலில் மறந்துபோவது அந்தத் திகதிதான்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில்தான் மாதக்கணக்கில் சிக்குகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐரோப்பாவில் பதியும்போது தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகிவிடும், பிள்ளையின் பெயர் பின்னால் போகும். தாயின் பெயர் ஒரு கடதாசியில் கணவன் பெயரோடும் இன்னொன்றில் தகப்பன் பெயரோடும் இருக்கும். எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடும், குறையும். வந்த முதல் வாரத்திலேயே எல்லாக் கடதாசிகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொருவரின் பெயரும் எதில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் "இரண்டும் ஒருவரே" என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சமாதான நீதவான் ஒருவரிடமோ சட்டத்தரணியிடமோ செய்யலாம். ஜெர்மன், பிரெஞ்சு, நோர்வே மொழிக் கடதாசிகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். அந்த மொழி தெரிந்த சொந்தக்காரர் மாற்றித் தந்தது அலுவலகங்களில் எடுபடாது.

2. முதல் வீடு

வந்த கிழமையே வருடக் கணக்கில் வீடு எடுக்க வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் இரண்டு கிழமை இருக்க முடிந்தால் இருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், வெள்ளவத்தையில் சாமான்களோடு நாள் கணக்கில், மாதக் கணக்கில் விடும் ஃப்ளாட்டுகள் உண்டு. காசு கூடத்தான். ஆனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணமாகக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் வேறு பக்கத்தில் கிடைத்தால் வரும் நட்டம் அதைவிடக் கூட.

எந்தப் பக்கம் என்பதற்கு என் பதில்: பள்ளிக்கூடம் எங்கேயோ அதற்குப் பக்கத்தில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வசதியானவை, வாடகையும் அதற்கேற்ப இருக்கும். தெஹிவளையில் கொஞ்சம் உள்ளே போனால் குறையும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, இன்னும் வடக்கே வத்தளை ஆகியவையும் தமிழ்க் குடும்பங்கள் செறிந்த இடங்கள். கொட்டாஞ்சேனையில் கோயில், தேவாலயம், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்து போகும் தூரம். "வெள்ளவத்தைதான் வேண்டும்" என்று பிடிவாதமாக நிற்கிறவர்கள் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வீடு பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. காலை ஏழு மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். எல்லா வீட்டாரும் குளிக்கும் நேரத்தில் தண்ணீர் எப்படி வருகிறதோ அதுதான் நிஜம். லிஃப்ட் இருந்தால், கரண்ட் போகும்போது ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அம்மம்மா ஐந்தாம் மாடியில் மாட்டிக்கொள்வார். மரைன் டிரைவ் பக்கம் கடல் காற்று அருமை. ஆனால் உப்புக் காற்றில் ஜன்னல் பிணைச்சலும் ஃப்ரிட்ஜும் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஏற்கெனவே துருவாக இருப்பதைப் படம் எடுத்துவையுங்கள், போகும்போது உங்கள் தலையில் விழாது. பழைய வீடுகளில் உருண்டை முள் பிளக், புதியவற்றில் 13 அம்பியர் சதுர முள் பிளக். இரண்டும் கலந்தும் இருக்கும். காஸ் அடுப்புக்கு வீட்டில் இருக்கும் ரெகுலேட்டர் லிட்ரோ சிலிண்டருக்கா லாஃப்ஸ் சிலிண்டருக்கா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ஒன்றுக்குப் போடுவது மற்றதற்குப் பொருந்தாது.

அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி, எடுக்கிறவர்கள் மின்சார மீட்டர் தனியாக இருக்கிறதா என்று கேட்க மறக்க வேண்டாம். இங்கே மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும்: பாவிக்கும் அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டு குடும்பத்தின் பாவனையும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். பாதிப் பாதி என்று கேட்க நியாயமாகத் தோன்றினாலும், தனி மீட்டருக்குக் கட்டுவதைவிடக் கூடவே கட்டுவீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியை முற்பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்: "இந்த விலாசத்தைக் கிராம சேவகரிடமும் பள்ளிக்கூடத்திலும் கொடுக்கலாமா? அதற்குக் கடிதம் தருவீர்களா?" கிராம சேவகர் என்றால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அரச அலுவலர். சில வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்கள். வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வாருங்கள். சம்மதித்தால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். புரோக்கருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதையும் வீடு பார்க்கும் முன்னரே பேசி முடியுங்கள்.

3. விலாசத்தைப் பதிவது

குடியேறிய முதல் கிழமையில் கிராம சேவகரைப் போய்ப் பாருங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள்கள் குறிப்பிட்டவை, பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் கடிதம், உங்கள் அடையாள அட்டை, முன்பு இருந்த இடத்தின் விவரம் வேண்டும். வதிவிடச் சான்றிதழை அவர் தந்தபின் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைப் பக்கம் கொழும்பு பிரதேச செயலகம்.

அடையாள அட்டை தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, பிறகு கிராம சேவகர் மூலம் விண்ணப்பம். வீட்டில் 15 வயது தாண்டிய பிள்ளை இருந்தால் அதற்கும் அட்டை எடுக்கும் வேலையை அப்போதே தொடங்குங்கள். எந்த அலுவலகத்தில் எதற்கு என்ன வேண்டும் என்று குழம்பினால் 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு அடியுங்கள், தமிழில் கேட்கலாம்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் விலாசப் பதிவு, பொலிஸ் படிவம் என்றதும் பயப்படுவார்கள். அதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். போர்க் காலத்தில் கொழும்புக்கு வந்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்ததும், 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி நகரை விட்டு அனுப்பியதும், பிறகு உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியதும் அவர்கள் கண்ணால் கண்ட விஷயம். அவர்கள் பெயர் உள்ள படிவத்தை நீங்கள் நிரப்பினாலும், என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வாசித்துக் காட்டுங்கள். ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள்.

4. பள்ளிக்கூடம்

முதலாம் ஆண்டு அனுமதி என்றால் அது ஒரு தனிப் போராட்டம். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், எத்தனை வருடமாக அங்கே வசிக்கிறீர்கள், வாக்காளர் பதிவு என்று புள்ளி போடுவார்கள். புதிதாக வந்தவர்கள் பெரிய பெயர் உள்ள பள்ளிகளை மட்டும் நம்பி இருந்தால் ஏமாற்றம்தான். மற்ற வகுப்புகளுக்கு இடம் காலியாக இருக்கிறதா என்பதே கேள்வி. அதிபரை நேரில் பாருங்கள், வலயக் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள்.

தமிழ் மொழிமூலத்துக்கு ஆண்பிள்ளைகளுக்குப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, பெண்பிள்ளைகளுக்கு வெள்ளவத்தை சைவ மங்கையர் கழகம், பம்பலப்பிட்டி இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வடக்குப் பக்கம் விவேகானந்தா கல்லூரி ஆகியவை தெரிந்தவை. ரோயல், இசிபத்தன போன்றவற்றிலும் தமிழ்ப் பிரிவு உண்டு. சின்னப் பள்ளிகளையும் போய்ப் பாருங்கள். இடம்மாறி வந்த பிள்ளைக்கு, பெயர் தெரிந்து கூப்பிடும் ஆசிரியர் இருக்கும் சின்ன வகுப்பு பெரிய ஆறுதல்.

தமிழ் மொழிமூலமா, சர்வதேசப் பள்ளியா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. சர்வதேசப் பள்ளிகளில் நடுவருடத்திலும் சேர்க்கலாம், ஆங்கிலத்தில் படிப்பு, கடைசியில் லண்டன் பரீட்சை. கட்டணம் கூட. பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் என்றால் தமிழ் மொழிமூலத்தில் சேருங்கள் என்பதே என் அபிப்பிராயம். அந்த வயதில் எழுத்து சீக்கிரம் பிடிபடும், பாட்டிக்குக் கடிதம் எழுதும் அளவுக்குத் தமிழும் நிற்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ படித்து வந்த பிள்ளையைக் கொண்டுபோய்ப் பத்தாம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் இருத்தி, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுது என்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். காசு இல்லையென்றால் ஆறாம் ஆண்டிலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பிக்கும் இருமொழிக் கல்வி உள்ள அரச பள்ளியைத் தேடுங்கள்.

பாடத்திட்ட வித்தியாசத்துக்கும் ஆயத்தமாக இருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளை தமிழ் நன்றாக வாசிக்கும், ஆனால் இரண்டாம் மொழியாகச் சிங்களம் புதிதாக வந்து நிற்கும். ஐரோப்பியப் பிள்ளை தமிழ் கதைக்கும், எழுதத் தெரியாது. சமயமும் சாதாரண தரம்வரை கட்டாயப் பாடம். பள்ளி தொடங்கும் முன்னரே ஒரு ரியூசன் ஆசிரியரை வீட்டுக்கு வரச் சொல்லி, எழுத்தை மட்டும் பழக்குங்கள். மற்றப் பாடம் பிறகு பார்க்கலாம்.

முதல் நாளுக்கு முன் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். "டீச்சர், பிள்ளை கதைக்கிறது கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். மற்றப் பிள்ளைகள் சிரிச்சா பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஒரே ஸ்கூல் வேனில் வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தச் சொல்லிக் கேளுங்கள். காலையும் மாலையும் சேர்ந்து வருகிற பிள்ளைதான் முதல் சிநேகிதனாக அமையும்.

5. பிள்ளையின் மனம்

"அடுத்த மாதம் போயிடுவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அழுகையை நிறுத்த இது சுலபமான வழி. ஆனால் பிள்ளை மாதத்தை எண்ணும், மாதம் முடியும், பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பாது. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

"அம்மா, நாங்கள் எப்ப வீட்ட போறது?"

"அது எனக்கும் தெரியாது ராசா. ஆனா இந்த வருஷம் முழுக்க இஞ்சதான். உன்ர பிறந்தநாள் இஞ்சதான். அதுக்கு ஆரைக் கூப்பிடுவம்?"

இந்த அளவு போதும். பிள்ளைக்கு ஒரு திகதி வரை நிலம் தெரிகிறது.

பெட்டிகளைப் பிரித்து அடுக்குங்கள். திரும்பப் போவோம் என்று கட்டிலுக்கடியில் பூட்டியபடி வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே படுக்கும் பிள்ளைக்கு இந்த வீடு வீடாகாது. அதோடு கொழும்பு ஈரப்பதனில் பூட்டிய பெட்டிக்குள் குளிர்கால ஜாக்கெட்டிலும் தோல் சப்பாத்திலும் சான்றிதழ்களிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். கடதாசிகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் மாற்றுங்கள். விளையாட்டுச் சாமானையும் பிள்ளை ஒட்டி வைத்திருந்த படங்களையும் முதல் நாளே வெளியே எடுங்கள்.

பழைய சிநேகிதருடனான தொடர்பை வெட்ட வேண்டாம். இங்கே இரவு எட்டு மணி என்றால் சுவிஸ், ஜெர்மனியில் குளிர்காலத்தில் பின்னேரம் மூன்றரை, கோடையில் நாலரை. பள்ளி விட்டு வரும் நேரம். கிழமையில் ஒரு நாள் அந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். அந்த மொழியும் மறக்காமல் இருக்க, கொழும்பில் கொதே நிலையம், அலியான்ஸ் பிரான்சேஸ், பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகத்துக்கு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். 1942இல் தொடங்கிய சங்கம், விழாக்களுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்.

"ஏன் திரும்பி வந்தனீங்கள்?" என்று லிஃப்டுக்குள் வைத்தே பிள்ளையைக் கேட்கும் அன்ரிமார் இருப்பார்கள். அதற்கு ஒரு சின்னப் பதிலை வீட்டிலேயே சேர்ந்து தீர்மானியுங்கள்: "அப்பாவுக்கு வேலை மாறிட்டுது." பெரியவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்தால் பிள்ளையும் வெட்கப்படும். இரவில் நித்திரை இல்லாமல், சாப்பாட்டை ஒதுக்கி, கதைக்காமல் இருப்பது கிழமைக்கணக்கில் நீடித்தால், அது பிள்ளையானாலும் தகப்பனானாலும், 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

6. உடம்பு

அரச ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம். பிள்ளைகளுக்குப் பொரளையில் ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை, தெஹிவளைப் பக்கத்துக்குக் களுபோவில ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதுவும் இலவசம். வெளிநாட்டுத் தடுப்பூசி அட்டையோடு உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனால் விடுபட்டதைப் பார்த்துப் போடுவார்கள்.

டெங்குவைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு எதுவும் வேண்டாம். அஸ்பிரின், இபுபுரோஃபன் கொடுக்கவே கூடாது. இரண்டு நாள் தாண்டினால் முழு இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், அப்போது வயிற்று நோ, சத்தி, கை கால் குளிர்வது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பல்கனியில் பூச்சட்டித் தட்டு, ஏசியின் தண்ணீர் வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு மூன்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்து உரஞ்சுங்கள்.

7. பஸ்ஸும் மொழியும்

காலி வீதியில் 100, 101 பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு 141. கோட்டைக்கு ரெயிலும் உண்டு. பாதை கடலோரமாகவே ஓடுவதால் கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தண்டவாளத்தைக் கடப்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஆட்டோவுக்கு போனில் பிக்மீ, ஊபர் செயலியில் போட்டால் பேரம் இல்லை. ஊருக்குப் போக வெள்ளவத்தையிலேயே இரவு பஸ் ஏறலாம்.

தமிழும் அரசகரும மொழிதான், படிவத்தைத் தமிழில் கேளுங்கள். அதே நேரம் நாலு வார்த்தை சிங்களம் கற்றால் வாழ்க்கை இலகுவாகும். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள், கடைக்குப் போகும்போது அவர்களையே கேட்க விடுங்கள்.

8. திரும்பவும் கிளம்ப நேர்ந்தால்

விசா வந்துவிட்டது, இரண்டு கிழமையில் விமானம் என்று ஒரு நாள் செய்தி வரலாம். பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரமும் தேர்ச்சி அறிக்கையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், இது ஒரே நாளில் கிடைக்காது. வெளிநாட்டில் காட்ட வேண்டிய சான்றிதழ்களைச் சுஹுருபாயவில் அத்தாட்சிப்படுத்துங்கள். தடுப்பூசிப் பதிவைப் புதுப்பியுங்கள். வீட்டுக்காரருக்கு ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவித்தலை எழுத்தில் கொடுத்து, கடைசி நாள் மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து, மிச்ச முற்பணத்தைச் சாவி கொடுக்கும் அன்றே வாங்குங்கள். பிள்ளை கடைசி நாள் வகுப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர ஒரு நாளை விட்டுவையுங்கள். ஸ்கூல் வேன் சிநேகிதனின் அம்மாவுடைய போன் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.